கோழி வளர்க்கலாம், சேவல் வளர்க்கக் கூடாது

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மூன்று வருடங்களுக்கு முன்னர் ஹட்டன் நகரை அண்டிய வீடமைப்புத் திட்டமொன்றுக்குக் குடிவந்தோம். சென்ற வருடம் அம்மாயி வீட்டில் பொரித்த நான்கு குஞ்சுகளை என் மகன் கொண்டுவந்தான். அவற்றில் மூன்று பெட்டையாகவும் ஒன்று சேவலாகவும் வளர்ந்துவிட்டன. குடியிருப்பாளர் சங்கத்தின் விதிப்படி பெட்டைக் கோழி வளர்க்கலாம், சேவல் வளர்க்கக் கூடாது. குடிவந்தபோது நானும் அதில் கையெழுத்திட்டிருக்கிறேன். சேவலோ அதிகாலை நான்கு மணிக்கே கூவுகிறது. இரவு வேலை முடித்து இரண்டு மணிக்கு வீடு திரும்பும் அயல்வீட்டுக்காரர் முறையிட்டதால், இரண்டு வாரங்களுக்குள் அதை அகற்றும்படி சங்கம் கடிதம் தந்திருக்கிறது. மகனுக்குப் பத்து வயது; பாடசாலை விட்டு வந்தால் சேவலோடுதான் இருப்பான். கூவாமல் செய்யும் கழுத்துப்பட்டி இணையத்தில் விற்கிறதாம். அதை வாங்கலாமா? விதியை எதிர்த்து முறையிட முடியுமா? முனியாண்டி சாமிக்குப் பலி கொடுத்துவிடும்படியும் சிலர் சொல்கிறார்கள்.
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: கழுத்துப்பட்டியை வாங்காதீர்கள். நம்மைப் போலச் சேவலுக்குத் தொண்டையின் மேற்பகுதியில் குரல்நாண் கிடையாது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், மார்புக்குள் இருக்கும் உறுப்பிலிருந்துதான் அதன் குரல் பிறக்கிறது. கழுத்தை இறுக்கும் பட்டி அந்தக் குரலுக்கு வேண்டிய காற்றைத்தான் தடுக்கிறது. சற்றுத் தளர்ந்தால் பயனில்லை, சற்று இறுகினால் மூச்சுத் திணறும். தீனிப்பை நிரம்பியிருக்கும் நேரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். விதையடித்தால் கூவல் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது சில வாரக் குஞ்சுக்கு, பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலை. ஒரு வயதுச் சேவலுக்கு அதைச் செய்யப் போனால் உயிருக்கே உத்தரவாதமில்லை.

வெளிச்சத்தைக் கண்டுதான் சேவல் கூவுகிறது, ஆகவே இருட்டில் அடைத்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். விடியல் என்பதே தெரியாத அந்த அறையிலும் அவை நாளுக்கொரு முறை, தமது உடலுக்குள் இருக்கும் கடிகாரப்படி, விடியல் நேரத்தையொட்டிக் கூவின. வெளி வெளிச்சமும் பிற சேவல்களின் குரலும் அந்தக் கடிகாரத்தின் மேல் ஏறும் தூண்டுதல்கள் மட்டுமே. கூட்டத்தில் தரவரிசையில் முதலிடத்திலுள்ள சேவல் முதலில் கூவ, மற்றவை அதே வரிசைப்படி பின்தொடர்வதையும் அதே ஆய்வாளர்கள் 2015 இல் காட்டினார்கள். உங்கள் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று என்பதால், அது யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு மணி என்பது அதன் பிடிவாதமன்று, அதன் உடற்கணக்கு.

அதற்காக இருட்டுப் பெட்டி வீண் என்று சொல்லமாட்டேன். சங்கம் தந்த இரண்டு வாரங்களைச் சண்டையின்றிக் கழிக்க அதுவே உங்களுக்கு உதவும். சேவல் வசதியாக நின்று திரும்பக்கூடிய, ஆனால் கழுத்தை முழுதாக நிமிர்த்த முடியாத உயரத்தில் ஒரு மரப்பெட்டியைச் செய்து, உட்புறம் பழைய கம்பளித் துணியை ஒட்டி, அயல்வீட்டுக்கு எதிர்ப்புறமாக வையுங்கள். வீதியில் போகும் வாகன வெளிச்சம் உள்ளே விழக்கூடாது. காற்று மட்டும் தாராளமாகப் போய்வர வேண்டும். ஹட்டன் பனியிலும் ஈரத்திலும் மூடிய பெட்டிக்குள் எச்சத்தின் நெடி தேங்கினால் சளி பிடித்துவிடும் என்பதால், மரத்தூளைத் தினமும் மாற்றுங்கள். மாலையில் அடைத்து, அயலவர் எழும் நேரத்தில் திறந்துவிடுங்கள். கூவல் நின்றுவிடாது, மங்கும். சேவலின் காதருகே அளந்தபோதே 100 டெசிபலுக்கு மேற்பட்ட குரல் அது. ஒரு பலகைச் சுவர் எவ்வளவுதான் தாங்கும்?

முறையிடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்களே கையெழுத்திட்ட விதியை எதிர்த்து வாதாடுவது கடினம். விடயத்தை இழுத்தால் முறையிடும் வழி அயல்வீட்டாருக்கே அதிகம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்கு அவர் போகலாம். தொல்லை ஊர் முழுவதற்குமானது என்று காட்டினால், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்படி அதை அகற்றும் நிபந்தனைக் கட்டளையை நீதவானிடம் கேட்கவும் இடமுண்டு. பிரான்சில் ஒலெரோன் தீவுச் சேவலொன்று 2019 இல் நீதிமன்றத்தில் வென்றதை யாராவது உங்களுக்குச் சொல்லலாம். அது கிராமத்து வழக்கு. சேவல் வேண்டாமென்று எழுதிய தாளில் அதன் சொந்தக்காரர் கையெழுத்திட்டிருக்கவில்லை. ஆகவே இரவு வேலை செய்யும் அந்த மனிதரை முதலில் நேரில் சந்தித்து, எந்தத் தேதியில் சேவல் போகும் என்பதைச் சொல்லிவிடுங்கள். தேதி தெரிந்தால் பொறுமை வரும்.

எங்கே போவது? என் எண்ணத்தில் அது வந்த இடத்துக்கே. தப்படித்துப் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, எழுப்பிய தோட்டத்து லயத்தில் சேவல் கூவியதைப் பற்றி யாரும் கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அம்மாயி வீட்டில் இன்னொரு சேவல் இருந்தால், புதியதைக் கண்டதும் குத்திக் கிழித்துவிடும். முதல் இரண்டு வாரங்கள் உங்கள் சேவலைத் தனிக்கூட்டில், மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். நோய் ஏதும் போயிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பின்பு கூட்டை அருகே கொண்டுவந்து, கம்பி வலைக்கு இருபுறமும் நின்று பழகவிட்டு, ஒரு மாலையில் பொழுது சாய்ந்த பின் திறந்துவிடுங்கள். அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான். வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசி போடப்படவில்லையென்றால், கொண்டுபோவதற்கு முன்பே உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மூன்று பெட்டைகளும் உங்களிடமே இருக்கட்டும். சேவல் இல்லாமலும் முட்டையிடும், குஞ்சு மட்டும் பொரிக்காது.

முனியாண்டி விடயத்தில் என் அபிப்பிராயம் இதுதான்: நேர்ந்துகொண்டவர் கொடுப்பதே நேர்த்திக்கடன். உங்கள் வீட்டில் யாரும் நேர்ந்ததாக எழுதவில்லை. அயலவரின் தூக்கத்துக்காகக் கொடுப்பதை முனியாண்டியும் கணக்கில் எடுப்பாரா தெரியாது. அதைவிட முக்கியம், மகன் பாடசாலை விட்டு வரும்போது சேவல் காணாமற் போயிருக்கக் கூடாது. எங்கே போகிறது, ஏன் போகிறது என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். கூட்டைக் கட்டவும் அதில் வைக்கோல் பரப்பவும் அவனையே விடுங்கள். நோர்வூட் வழியாக ஏறிப் போகும் பஸ்ஸில் ஒரு போயா விடுமுறைக்கு அவன் போய்ப் பார்த்துவரலாம்.

கொண்டுபோகும்போது காற்றோட்டமான கூடையில் வைத்து, மேலே சாக்கைப் போர்த்தி, மாலை பஸ்ஸைப் பிடியுங்கள். விடியற்காலை பஸ்ஸில் ஏற்றினால் பொகவந்தலாவை வரும்வரை பயணிகள் அனைவருக்கும் அது நேரம் சொல்லிக்கொண்டே வரும்.