புலி தெரியுமா, யானை வருமா? விடுமுறைக் காட்டுப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் பாதி பணத்தைப் பற்றியும் மீதி மாமியாரைப் பற்றியும் இருக்கும். இந்த முறை காட்டு விலங்குகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறவன் இருப்பது பத்தாங் பெர்ஜுந்தையில் (2007இலிருந்து பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்), அதனால் இரண்டு பதில்கள் எங்கள் ஆற்றங்கரைப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு எட்டு. தமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போனால் புலி பார்க்கலாம் என்று மகன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டான். பார்க்க முடியுமா? – ஒரு தாய், புக்கிட் ரோத்தான்

முடியாது தங்கச்சி. அதைக் கிளம்பும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய் அழ வேண்டாம். 2016இலிருந்து 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் நம் தீபகற்ப மலேசியக் காடுகளில் 150க்கும் குறைவாகத்தான் புலிகள் மிஞ்சியிருப்பது தெரிந்தது. தமான் நெகாராவோ பகாங், கிளந்தான், திரங்கானு என்று மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. அதற்குள் ஒரு புலி இருந்தாலும் நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன் அது உங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும்.

ஆனால் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஜெராண்டுட் வழியாகக் கோலா தகான் போய் இறங்கினால் இரவு நடைக்குக் கூட்டிப் போக வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் சரி. புற ஊதா விளக்கு அடித்தால் தேள் பச்சையாக மின்னுவதும், குச்சியென்று நினைத்தது பூச்சியாக நடந்து போவதும் எட்டு வயதுக்குப் போதும், புலியே வேண்டாம். 'பும்புன்' என்று மரத்தூணின் மேல் கட்டிய மறைவிடங்களும் உண்டு. கீழே உப்புமண் கிடக்கும் இடத்துக்குத் தாபிர், மான் எல்லாம் இரவில் வரும், ஏனென்றால் இலைதழையில் கிடைக்காத உப்புச்சத்து அந்த மண்ணில் இருக்கிறது. அங்கே போனால் வாயைத் திறக்காமல் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். உங்கள் மகளால் முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆண்டுக் கடைசி மழை மாதங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஆறு பெருகிவிடும்.

மின்மினி பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். அரை மணி தூரத்தில் இருந்துகொண்டு நாங்கள் போனதே இல்லை. எந்த நாளில் போகலாம்? – ஓர் இளம் தம்பதி, ஈஜோக்

நிலவில்லாத, மழையில்லாத, வார நாளில் போங்கள். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் 'பெரெம்பாங்' மரங்கள் நிற்கின்றன, அவற்றின் இலைகளில்தான் இந்தப் பூச்சிகள் கூடுகின்றன. ஆண் பூச்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்து ஒரே நேரத்தில் அணைந்து அணைந்து எரியும். பெண்ணை அழைக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். இப்படி ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகள் உலகத்தில் சில இடங்களில்தான் உண்டு, அதில் ஒன்று நம் வீட்டு வாசலில் இருக்கிறது. முழுநிலவன்று போய்விட்டு 'ஒன்றும் பெரிதாக இல்லை' என்று திரும்பி வருகிறவர்களை எனக்குத் தெரியும், குறை பூச்சியில் இல்லை.

துடுப்புப் போடும் சம்பானில் ஏறுங்கள், சத்தமில்லாமல் மரத்தடி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கேமரா ஃபிளாஷ் வேண்டாம், கைப்பேசி விளக்கும் வேண்டாம். கிளையை ஒடித்துப் பூச்சியைப் போத்தலில் அடைக்கவே வேண்டாம். இதன் புழுக்கள் கரைச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்கின்றன, அதனால் கரையை வெட்டி வெளியாக்கினால் மரம் நின்றாலும் பூச்சி வராது. ஆற்றோரத்தில் நிலம் வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால் அவர் காதில் இதைப் போட்டு வையுங்கள்.

ஐயா, முப்பது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளனாக) இருந்தவன். மகள் சபாவுக்கு, கினபாத்தாங்கான் ஆற்றுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறாள். அங்கேயும் சுற்றிவரச் செம்பனைதானாம். காசு செலவழித்துப் போய்ச் செம்பனையைப் பார்க்கணுமா? என் வீட்டுக்காரிக்கு முட்டிவலி வேறு. – ஒரு ஓய்வுபெற்ற மண்டோர், சுங்கை சிப்புட்

ஐயா, இந்தத் தடவை வந்ததில் நல்ல கேள்வி உங்களுடையதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. கினபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் நீளம், சபாவின் மிக நீண்ட ஆறு. சண்டாக்கானிலிருந்து சுக்காவ் போகும் பாதையில் இரண்டு பக்கமும் செம்பனை, செம்பனை, மேலும் செம்பனை. உங்களுக்குச் சுங்கை சிப்புட்டை விட்டுக் கிளம்பின மாதிரியே இருக்காது. ஆற்றங்கரைக்கு வந்து படகில் ஏறினதும் காடு ஆரம்பிக்கும், அதுவும் பல இடங்களில் ஒரு பட்டை அளவுக்குத்தான். மூக்கு தொங்கும் அந்தப் பெரிய குரங்கு, ஒராங் ஊத்தான், குட்டையான போர்னியோ யானை, எட்டு வகை இருவாய்ச்சி, முதலை எல்லாம் அந்தப் பட்டைக்குள் நெருங்கி வாழ்கின்றன. தமான் நெகாராவில் மூன்று நாள் நடந்தாலும் கண்ணில் படாத மிருகம் இங்கே படகில் உட்கார்ந்தபடியே தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் காடு செழிப்பாக இருப்பது மட்டுமில்லை, அவற்றுக்குப் பின்னால் போக இடமில்லை. பயண விளம்பரங்களில் முதல் பாதியைப் போடுவார்கள், இரண்டாவதைப் போட மாட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள உங்களைவிடத் தகுதியான பயணி யார்? மலாயாவில் வணிகத்துக்கென்று முதன்முதலில் செம்பனை நட்டதே எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். எலியைப் பிடிக்கக் கூகைக்குப் பெட்டி கட்டிவிட்ட தோட்டங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். இளங்கன்றின் குருத்தை யானை பிடுங்கித் தின்றால் தோட்டக்காரனுக்கு எவ்வளவு நட்டம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதே கதையை ஆற்றின் பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறீர்கள். சபா அரசு 2005இல் கீழ்க் கினபாத்தாங்கானை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது, ஆனால் அது ஒரே துண்டாக இல்லை, தோட்டங்களும் கிராமங்களும் இடையில் புகுந்து துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு யானைக் கூட்டம் போக வேண்டுமென்றால் யாருடைய நிலத்தையாவது மிதித்துத்தான் போக வேண்டும். இது பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள், நீங்கள் மண்டோராக இருந்ததையும் சொல்லுங்கள், பேச்சு வேறு மாதிரி போகும். வழிகாட்டிகளில் நிறையப் பேர் அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்த 'ஓராங் சுங்கை' மக்கள், காற்றில் வரும் வாசத்தை வைத்தே யானை எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களுடைய கிராமங்களில் வீட்டோடு தங்கும் வசதியும் இருக்கிறது, ஆடம்பரத் தங்குவிடுதியைவிட எனக்கு அதுதான் பிடித்தது.

அம்மாவின் முட்டிவலிக்கு இதைவிட நல்ல காட்டுப் பயணம் கிடையாது. விடியற்காலையில் ஒரு படகு, சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஒரு படகு, இடையில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். மூக்குக் குரங்குகள் பொழுது சாயும்போது ஆற்றோர மரங்களுக்கு உறங்க வரும், அதனால் சாயங்காலப் படகை மட்டும் விட்டுவிடாதீர்கள். படகுத்துறைப் படிகள் வழுக்கும், முன்னாலேயே சொல்லி வைத்தால் கைபிடித்து இறக்குவார்கள். சைவம் என்றால் அதையும் முன்னாலேயே, முட்டை, மீன் உட்பட விளக்கிச் சொல்லுங்கள்.

போகிற வழியில் செப்பிலோக்கில் ஒராங் ஊத்தான் மறுவாழ்வு மையம் இருக்கிறது, 1964இல் தொடங்கியது. தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுகிற இடம். பக்கத்திலேயே சூரியக் கரடி மையம். இரண்டுக்கும் அரை நாள் போதும். சுமத்ரா காண்டாமிருகத்தைத் தேடாதீர்கள். நாட்டின் கடைசிக் காண்டாமிருகம், இமான் என்ற பெண், 2019 நவம்பரில் சபாவில் இறந்துபோனது. மார்ச்சிலிருந்து அக்டோபருக்குள் போங்கள். மைகாட் அடையாள அட்டையை மறக்காதீர்கள், சபாவில் இறங்கினதும் குடிநுழைவில் கேட்பார்கள்.

ராயல் பெலும் காட்டில் மூன்று நாள், 'யானை நிச்சயம், பார்க்கவில்லை என்றால் பாதிப் பணம் திருப்பித் தரப்படும்' என்று கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. விலையும் மலிவு. நம்பலாமா அண்ணே? – ஒரு தொழிற்சாலை ஊழியர், கோலசிலாங்கூர்

நம்பாதே தம்பி. யானை யாருக்கும் சம்பளத்துக்கு வேலை செய்வதில்லை. அதைக் காட்டியே தீர வேண்டும், இல்லையென்றால் பாதிப் பணம் போய்விடும் என்ற நிலையில் இருக்கிறவன் என்ன செய்வான்? சாப்பாடு போட்டு வரவழைப்பான், இல்லையென்றால் குட்டி இருக்கும் கூட்டத்துக்கு மிக அருகில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்துவான். இரண்டும் ஆபத்து, முதலில் யானைக்கு, அப்புறம் உனக்கு. 'பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம், ஆனால் எங்கே எப்போது உட்கார வேண்டும் என்று தெரியும்' என்கிறவனுக்கே பணத்தைக் கட்டு.

அவனிடம் சுற்றுலா அமைச்சு கொடுத்த உரிமம் இருக்கிறதா என்று கேள். இயற்கை வழிகாட்டிக்குப் பச்சை அட்டை, பொதுச் சுற்றுலா வழிகாட்டிக்கு நீல அட்டை. கழுத்தில் தொங்கும், கேட்டால் காட்டுவார்கள், கேட்டதற்குக் கோபித்தால் வேறு ஆளைப் பார். அந்தப் பூங்காவுக்குள் போக முன்அனுமதி வாங்க வேண்டும், அதை யார் வாங்குகிறார்கள் என்பதையும் விளக்கமாகக் கேட்டுக்கொள்.

பெலும் போவதற்கு யானையைவிட நல்ல காரணம் இருவாய்ச்சி. இந்த நாட்டில் இருக்கும் பத்து வகையும் பெலும்–தெமெங்கோர் காட்டில் உண்டு, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் ஒரு வகை நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் தெமெங்கோர் ஏரிக்கு மேலே பறந்து போகும். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னையே அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஆண் ஒரு சின்ன இடுக்கு வழியாக மாதக்கணக்கில் பழம் ஊட்டும். இதை அந்தக் காட்டின் பூர்வகுடிகளான ஜஹாய் மக்கள் யாராவது காட்டிக் கொடுத்தால் யானையை மறந்துவிடுவாய்.

கெரிக்கிலிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இரவில் போகாதே. போய் யானை குறுக்கே நின்றால் ஹாரன் அடிக்காதே, விளக்கை மின்ன வைக்காதே, இறங்கிப் படம் எடுக்காதே. தள்ளி நிறுத்திக் காத்திரு.

அட்டைக் கடிக்கு என்ன செய்வது? – பலர்

பால்வெட்டுக்குப் போன பாட்டியைக் கேளுங்கள், புகையிலையும் சுண்ணாம்பும் என்பார். கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்து, முட்டி வரை வரும் அட்டைக் காலுறை போட்டுக்கொண்டால் பெரும்பாலும் போதும். கடித்துவிட்டால் உப்போ நெருப்போ வேண்டாம், அதன் வாயோரமாக நகத்தை விட்டுத் தள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துகிறது, அதனால் கொஞ்ச நேரம் வழியும், பயப்பட வேண்டாம்.

திரங்கானுவில் பெரிய ஆமை முட்டையிடுவதை அப்பா சின்ன வயதில் பார்த்தாராம். பிள்ளைகளுக்கும் காட்ட ஆசை. – ஓர் ஆசிரியை, தெலுக் இந்தான்

அப்பா பார்த்தது ரந்தாவ் அபாங்கில் பெலிம்பிங் என்கிற தோல்முதுகு ஆமையாக இருக்கும், டீச்சர். 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகளுக்கு மேல் இருந்த கடற்கரை அது. முட்டை முழுக்கப் பொறுக்கி விற்கப்பட்டது, மீன் வலையில் மாட்டிப் பெரிய ஆமைகள் செத்தன, இன்று அங்கே அந்த இனம் ஏறக்குறைய இல்லை. காப்பாற்ற முட்டைகளைப் பொரிப்பகத்தில் வைத்தபோதும் மணல் சூடாக இருந்ததால் பெண் குஞ்சுகளே பொரித்தன என்று ஆய்வாளர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். ஆமைக்கு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டில்தான் முடிவாகிறது.

பச்சை ஆமை இன்னும் வருகிறது, மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். சபாவின் செலிங்கான் தீவில் முறை கண்டிப்பானது: இருட்டின பிறகு வனக்காவலர் கூப்பிடும் வரை கடற்கரையில் இறங்கக்கூடாது, ஓர் இரவில் ஓர் ஆமையைத்தான் காட்டுவார்கள், அதுவும் முட்டையிடத் தொடங்கின பிறகுதான். மேலேறி வரும்போதே விளக்கடித்தால் திரும்பிக் கடலுக்குப் போய்விடும். தீபகற்பத்திலும் இதே ஒழுங்கோடு நடத்துகிறவர்களிடம் மட்டும் போங்கள். சந்தையில் யாராவது முட்டையை நீட்டினால் வாங்காதீர்கள், திரங்கானுவில் 2022இலிருந்து எல்லா ஆமை முட்டை விற்பனைக்கும் தடை.

குடும்பத்துக்கு பைனாகுலர் எது வாங்கலாம்? – ஒரு வாசகர், ரவாங்

எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42: எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி) என்று எழுதியிருப்பதை ஒன்றே ஒன்று வாங்குங்கள், மாற்றி மாற்றிப் பாருங்கள். ஆளுக்கொரு விளையாட்டுச் சாமானைவிட அது மேல். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்றால் படகில் கை நடுங்கி ஒன்றும் தெரியாது.

புக்கிட் மலாவாத்தியில் குரங்குக்குப் பிள்ளைகள் பயற்றங்காயும் ரொட்டியும் கொடுக்கிறார்கள். தப்பா? – ஒரு பாட்டி, கோலசிலாங்கூர்

அங்கே இருக்கும் சாம்பல் நிற லோத்தோங் இலை தின்னும் குரங்கு, பாட்டி. அதன் வயிறு இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கிற மாதிரி அமைந்தது, ரொட்டியும் இனிப்பும் அதற்கு ஆகாது. குட்டி ஆரஞ்சு நிறத்தில் பிறந்து மெல்ல மெல்லச் சாம்பலாகும், அதைத் தாய் மடியில் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் போய்விடும். கையில் பொட்டலம் மட்டும் இருக்க வேண்டாம், கீழே சுற்றும் கெரா என்கிற நீளவால் குரங்கு பறித்துக்கொண்டு ஓடும்.