லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியைப் பார்ப்பது குறித்து

வணக்கம். மகளுடன் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலுள்ள லிட்டில் ராக் செல்லும்போது சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். 1998 முதல் தேசிய வரலாற்றுத் தலமாக இருந்தாலும் இன்றும் மாணவர்கள் படிக்கும் பள்ளி என்பதால், தேசியப் பூங்காத் துறையிடம் முன்பதிவு செய்து, அவர்களுடைய வழிகாட்டியுடன்தான் உள்ளே செல்ல இயலும்.

பதிவு கிடைக்காவிட்டாலும் பயணத்தைக் கைவிடாதீர்கள். 1927இல் கட்டப்பட்ட அந்த முகப்பின் படிகளில்தான், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த இப்பள்ளியில் நுழையவிடாமல் மாநில ஆளுநர் ஃபாபஸ் முதலில் தேசியக் காவல்படையை நிறுத்தித் தடுத்த ஒன்பது கறுப்பின மாணவர்கள், 1957 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்க அதிபர் ஐசனோவர் அனுப்பிய 101ஆவது வான்வழிப் படைப்பிரிவு வீரர்கள் சூழ ஏறிச் சென்றனர். வாசலுக்கு மேலுள்ள நான்கு சிலைகளில் ஒன்றின் பெயர் ‘வாய்ப்பு’. அதை மகளுக்கு அவசியம் காட்டுங்கள். அருகிலுள்ள பழைய பெட்ரோல் நிலையத்தின் தொலைபேசியிலிருந்துதான் செய்தியாளர்கள் அன்றைய நிகழ்வுகளை வெளியுலகுக்குத் தெரிவித்தனர்.