ஆன்டிவைரஸ் வாங்கும் முன் எதையெல்லாம் நீக்க வேண்டும்?

கேள்வி: வீட்டில் 2017-ல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. ஐ3 ஏழாம் தலைமுறை பிராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கடையில் போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸ் காலாவதியாகி, தினமும் ‘ரினியூ செய்யுங்கள்’ என்று சிவப்புப் பெட்டி வருகிறது. வேகம் இல்லை என்றதும் தெரிந்த பையன் ஒருவன் ரெஜிஸ்ட்ரி கிளீனரும் டிரைவர் அப்டேட்டரும் போட்டுவிட்டுப் போனான். கிளீனர் ஆயிரத்துக்கும் மேல் பிழைகள் காட்டுகிறது, சரிசெய்யப் பணம் கேட்கிறது. நெட் பேங்கிங், பேரப்பிள்ளைகளின் போட்டோக்கள் எல்லாம் இதில்தான். மூன்று கணினிகளுக்கான ‘டோட்டல் செக்யூரிட்டி’ வாங்கிவிடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. முதலில் அந்த மூன்றையும் நீக்குங்கள்: காலாவதியான ஆன்டிவைரஸ், கிளீனர், டிரைவர் அப்டேட்டர். செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பகுதிக்குப் போய் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் கொடுக்கலாம். ஆன்டிவைரஸ் மட்டும் சில சமயம் அடம்பிடிக்கும். அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே, அதை முழுதாக நீக்குவதற்கென்று தனிக் கருவி இருக்கும். அதை வைத்துத் துடைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஏன் இந்த வரிசை? விண்டோஸ் 8-லிருந்து மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் கணினியோடு சேர்ந்தே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் ஒன்று உள்ளே வந்தால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். வந்தவர் காலாவதியாகியும் இடத்தைக் காலி செய்யாமல் கிடந்தால், காவலுக்கு யார் இருக்கிறார் என்பதே குழப்பமாகிவிடும். நீக்கிய பிறகு ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் டிஃபெண்டர் இயங்குகிறதா, இன்றைய தேதிக்கு அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு ஃபுல் ஸ்கேன். இந்த ஹார்ட் டிஸ்க்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிடுங்கள்.

இலவசமாக வருவது போதுமா என்றால், உங்கள் உபயோகத்துக்குப் போதும். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற சோதனைக்கூடங்களில் டிஃபெண்டர் பல வருடங்களாகக் கட்டண மென்பொருள்களுக்கு இணையான மதிப்பெண் வாங்கி வருகிறது. ‘டோட்டல் செக்யூரிட்டி’ என்ற பெயரில் கூடுதலாக வருவது பெரும்பாலும் விபிஎன் (இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் வசதி), பாஸ்வேர்டு மேனேஜர், குழந்தைகளுக்கான கட்டுப்பாடு ஆகியவைதான். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் தனியாகக் கணினியில் உட்காருகிறார்கள் என்றால் அந்தக் கட்டுப்பாட்டுக்காக வாங்குவதில் அர்த்தம் உண்டு. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் என்று நம் நாட்டிலேயே பழகிய பெயர்கள் இருக்கின்றன. எதை வாங்கினாலும் முதல் வருடத் தள்ளுபடியைப் பார்க்காமல் இரண்டாம் வருட விலையைப் பாருங்கள். ஆட்டோ ரினியூவலை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள்.

கிளீனர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையான ஆள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் குறிப்பேடு. அதில் ஆயிரம் பழைய குறிப்புகள் கிடந்தாலும் கணினியின் வேகம் அதனால் குறையாது. தவறான ஒன்றை அழித்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம். அந்தப் ‘பிழை’ எண்ணிக்கை பணம் கேட்பதற்கான முன்னோட்டம், அவ்வளவுதான். இன்னொன்று, இப்படிப்பட்ட மென்பொருள்களுக்குக் கணினியின் எல்லா அறைகளுக்கும் சாவி கொடுக்கிறோம். 2017-ல் உலகப் புகழ்பெற்ற சிசிகிளீனரின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே ஹேக்கர்கள் தீநிரலைச் சேர்த்துவிட்டார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெயர் பெற்ற மென்பொருளுக்கே அந்தக் கதி. பெயர் தெரியாத டிரைவர் அப்டேட்டரை எதை நம்பி வைத்திருப்பது? டிரைவர்களை, அதாவது கணினியின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்களை, விண்டோஸ் அப்டேட்டே பார்த்துக்கொள்ளும். குப்பைக் கோப்புகளை அள்ள செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ இருக்கிறது, மாதம் ஒருமுறை தானாக ஓடும்படி வைத்தால் போதும்.

வேகத்துக்கு வருவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினியை ஆன் செய்து ஐந்து நிமிடம் கழித்து அதில் ‘டிஸ்க்’ என்ற பத்தியைப் பாருங்கள். சிபியு 15, மெமரி 50 சதவீதம் என்று சாதுவாக இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும் என்றே நினைக்கிறேன். உங்கள் காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். விண்டோஸ் 10 கேட்கும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது. அதே ஜன்னலில் ‘ஸ்டார்ட்-அப்’ பகுதிக்குப் போய்த் தேவையில்லாததை எல்லாம் டிஸேபிள் செய்தால் கொஞ்சம் மூச்சு விடும். முழுத் தீர்வு வேண்டுமென்றால், ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். அதே லேப்டாப்தானா என்று கேட்பீர்கள். எஸ்எஸ்டி போட்ட பிறகு யாராவது டீஃபிராக் (டிஸ்க்கில் சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்கும்) மென்பொருள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள், அதற்குத் தேவையான பராமரிப்பை விண்டோஸே செய்துவிடும்.

ஆனால் அந்தச் செலவுக்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. உங்கள் ஏழாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் தரும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் இலவசமாகவே சேரலாம், சேரும் வழி விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கும். அதன்பின் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது அல்லது வேறு லேப்டாப் வாங்குவது, இரண்டில் ஒன்று. பிரவுசரும் வாட்ஸ்அப் வெப்பும்தான் உங்கள் வேலை என்றால், எஸ்எஸ்டி போட்ட இதே லேப்டாப்பில் மின்ட் அழகாக ஓடும்.

அப்டேட் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பல நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அடைக்காமல் விட்ட கணினிகள்தான் மாட்டின.

பேரப்பிள்ளைகளின் போட்டோக்களுக்கு ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை காப்பி எடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் கணினியைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எஸ்எஸ்டி மாற்றும்போது வெளியே வரும் பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம். வயதான டிஸ்க், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நெட் பேங்கிங் பற்றி: பணம் போவது இப்போது வைரஸைவிடத் தொலைபேசி வழியாகத்தான் அதிகம் கேள்விப்படுகிறேன். பிரவுசர் திரை முழுக்க ‘உங்கள் கணினி தாக்கப்பட்டது, இந்த எண்ணை அழைக்கவும்’ என்று அலறினால் அழைக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள்’ (உங்கள் கணினியைத் தூரத்திலிருந்தே இயக்கவிடும் மென்பொருள்) என்றாலும் பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வங்கிக்குச் சொல்லிவிட்டு அப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் புகார் போனால் பணம் வேறு கணக்குக்கு நகரும் முன் முடக்க வாய்ப்பு உண்டு.