மோவாய் முடியும் தள்ளிப்போகும் மாதவிலக்கும்

கேள்வி: எனக்கு 20 வயது. மேலூருக்குப் பக்கத்துக் கிராமம். தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து கல்லூரியில் படிக்கிறேன். மூன்று வருடமாக மேலுதட்டிலும் மோவாயிலும் கறுப்பாகத் தடித்த முடி வளர்கிறது. தொப்புளுக்குக் கீழேயும் இருக்கிறது. கை, காலில் சின்ன வயதிலிருந்தே முடி அதிகம். வாரம் ஒரு தடவை த்ரெட்டிங் செய்கிறேன். அந்த இடமெல்லாம் பொரிப்பொரியாகிக் கறுத்துவிட்டது. ஷேவ் செய்தால் ஆம்பிளை மாதிரி தாடி வந்துவிடும் என்று அம்மா ரேசரைத் தொட விடுவதில்லை. மஞ்சள், குப்பைமேனி எல்லாம் பூசியாகிவிட்டது. பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். லேசர் செய்தால் சரியாகிவிடுமா? பிற்பாடு குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது ஒரு வரிக்குத்தான். பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு மாப்பிள்ளைப் பேச்சுக்குப் போய்விட்டீர்கள். வயதுக்கு வந்து மூன்று வருடம் தாண்டிய பெண்ணுக்கு 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் அடுத்த மாதவிலக்கு வந்துவிட வேண்டும். வருடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவு என்றால் காரணம் தேட வேண்டும். உங்கள் கணக்குப்படி ஆறு முறைதான். மோவாய் முடிக்கும் இந்தத் தள்ளிப்போவதற்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று வருடமாகப் பார்லருக்கு வாரம் தவறாமல் போயிருக்கிறீர்கள், டாக்டரிடம் ஒரு தடவைகூடப் போன மாதிரி தெரியவில்லை.

கை, கால் முடியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சின்ன வயதிலிருந்தே இருப்பது பரம்பரை. அம்மாவுக்கோ அத்தைக்கோ அப்படி இருக்கும், பாருங்கள். அதற்கு மருந்து தேவையில்லை. நாங்கள் கவனிப்பது ஆண்களுக்கு முடி வளரும் இடங்களை: மேலுதடு, மோவாய், நெஞ்சு, முதுகு, தொப்புளுக்குக் கீழே, தொடை. அங்கேயும் பூனைமுடி இருந்தால் கவலையில்லை, கறுத்துத் தடித்திருந்தால்தான் விசாரணை. 1961-ல் ஃபெரிமன், கால்வே என்ற இரு மருத்துவர்கள் இதற்கு மார்க் போடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்று ஒன்பது இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போடுகிறோம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. அப்படிப் பார்த்தால் உங்கள் வகுப்பிலேயே இன்னும் இரண்டு மூன்று பேர் உங்களைப் போலவே யாருக்கும் தெரியாமல் த்ரெட்டிங் செய்துகொண்டிருக்கலாம்.

பெண் உடம்பிலும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் சுரக்கத்தான் செய்யும். முட்டை உருவாகும் சினையகமும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும் அதைத் தருகின்றன. அளவு கூடினால் பூனைமுடியாக இருந்தது தடித்த முடியாக மாறும். முகப்பரு வரும், மாதவிலக்கு தள்ளும். இளம்பெண்களிடம் இப்படி அளவு கூடுவதற்கு மிகப் பெரும்பாலான காரணம், எல்லோரும் நீர்க்கட்டி என்று சொல்லும் பி.சி.ஓ.எஸ். இதில் இன்சுலினுக்கும் பங்கு உண்டு. இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காதபோது ரத்தத்தில் இன்சுலின் ஏறுகிறது. அது சினையகத்தைத் தூண்டி ஆண் ஹார்மோனை இன்னும் சுரக்க வைக்கிறது. கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் வெல்வெட் துணி போலக் கறுத்துத் தடித்திருந்தால் அது இதன் அடையாளம். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கும் அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன். தேய்த்தால் போகாது.

வேறு காரணங்களும் இருக்கின்றன. வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் மாத்திரை மாதவிலக்கையும் ஹார்மோனையும் குழப்பலாம். அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே இருக்கும் ஒரு சிறு குறை, பதின்ம வயதில் இதே வேடத்தில் வெளியே வரலாம். இன்னொன்று, நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது: முகம் சிவக்க என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பரு வந்து, முகத்தில் முடியும் முளைக்கும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை ஆக்கியது. சீட்டுக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் ஏதாவது பூசுகிறீர்களா என்று எழுதவில்லை. தோழி கொடுத்தது, அக்கா வைத்திருந்தது என்று எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சில மாதங்களுக்குள் மளமளவென்று முடி வளர்ந்து, குரல் கரகரத்து, முன்தலையில் வழுக்கை விழுந்தால் தள்ளிப்போடாமல் உடனே போக வேண்டும், அது கட்டியாகவும் இருக்கலாம். உங்களுக்கு மூன்று வருடமாக மெதுவாக வருகிறது என்பதால் அந்தப் பயம் குறைவு.

பரிசோதனை என்றதும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவு கட்டக் கூடாது. அந்த வயதில் நலமாக இருக்கும் பெண்ணின் சினையகமும் ஸ்கேனில் நீர்க்கட்டி இருப்பது போலவே தெரியும். தள்ளிப்போகும் மாதவிலக்கும் இந்த முடியும் சேர்ந்திருந்து, மற்ற காரணங்கள் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், ஸ்கேன் இல்லாமலே முடிவு சொல்லலாம். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், அட்ரீனல் குறையைக் காட்டும் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்ட்ரோன் ஆகியவை பார்ப்போம். கடைசியாகச் சொன்னதை மாதவிலக்கு வந்த முதல் சில நாட்களுக்குள் காலையில் எடுப்பது நல்லது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரையும் பார்க்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிட வேண்டும், அப்புறம் எடுத்தால் கணக்கு மாறிவிடும்.

வைத்தியத்தில் இரண்டு வேலை இருக்கிறது. ஹார்மோனை அடக்குவது ஒன்று, ஏற்கெனவே முளைத்த முடியை எடுப்பது இன்னொன்று. ஒன்றை மட்டும் செய்கிறவர்கள்தான் பலன் இல்லை என்று சலித்துப் போகிறார்கள். மாத்திரை புதிதாக முடி தடிப்பதைக் குறைக்கும், தடித்து நிற்பதை உதிர்க்காது. பார்லர் நிற்பதை எடுக்கும், புதிதாக வருவதைத் தடுக்காது.

ஹார்மோனுக்குப் பெரும்பாலும் முதலில் தருவது கருத்தடை மாத்திரை. இங்கேதான் வீட்டில் பிரச்சினை கிளம்பும். கல்யாணமாகாத பெண்ணின் பையில் அந்த அட்டையைப் பார்த்தால் அம்மா பதறுவார், சித்தி காதுக்குப் போகும், அங்கிருந்து ஊருக்கே போகும். அதனால் டாக்டரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும் ஆண் ஹார்மோனைக் குறைக்கவும் தரும் மருந்து இது என்று டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். இதைச் சாப்பிட்டால் பிற்பாடு பிள்ளை பிறக்காது என்பது வெறும் பேச்சு. நிறுத்தினால் சினையகம் தன் வேலைக்குத் திரும்பிவிடும். ஆனால் கடையில் நீங்களே வாங்கிச் சாப்பிடும் மாத்திரையும் இது இல்லை. ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கும், கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருபவர்களுக்கும், காலில் ரத்தம் உறைந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்ட பிறகே முடியில் வித்தியாசம் தெரியும். ஒரு முடி முளைத்து உதிரும் சுழற்சியே அவ்வளவு நீளம். இரண்டாவது மாதமே கண்ணாடியைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

அது போதாவிட்டால் ஸ்பைரனோலாக்டோன் சேர்ப்பார்கள். நல்ல மருந்துதான், ஆனால் அதைச் சாப்பிடும்போது கரு தங்கினால் ஆண் சிசுவின் வளர்ச்சி பாதிக்கும். கல்யாணம் நிச்சயமானால் முகூர்த்தத் தேதி டாக்டருக்கும் தெரிய வேண்டும். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் மாதவிலக்குக்கும் உதவும். முடிக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

உங்கள் எடையை எழுதவில்லை. கூடுதலாக இருந்தால் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே இன்சுலின் இறங்கும், மாதவிலக்கும் சீராகத் தொடங்கும். 70 கிலோ இருப்பவருக்கு மூன்றரை முதல் ஏழு கிலோ. பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. ராத்திரி புரோட்டாவும் வெயிலுக்கு ஜிகர்தண்டாவும் அன்றாடமாக இருந்தால் எப்போதாவது என்று ஆக்குங்கள். காலேஜுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கலாம். ஒல்லியாக இருக்கிறவர்களுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும் என்பதால், குண்டாக இருப்பதால்தான் இப்படி என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி ரேசர் விஷயம். அம்மாவிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். ஷேவ் செய்வதால் முடி கூடாது, தடிக்காது, வேகமாகவும் வளராது. வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது. மேலே வெட்டுவது அதற்குத் தெரியாது. அறுப்பு முடிந்த வயலில் நடந்தால் தாள் காலில் குத்தும், அதற்காகப் பயிர் கூடிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. நுனி மெலிந்த முடியை வெட்டினால் மொட்டையான முனை விரலில் சொரசொரக்கும், அவ்வளவுதான். பையன்களுக்கு ஷேவ் செய்ததும் தாடி அடர்த்தியாவது போலத் தோன்றுவதற்குக் காரணம், அந்த வயதில் அவர்களுக்கு ஹார்மோன் ஏறிக்கொண்டிருப்பது. முகத்தை நனைத்து, வழவழப்பாக ஏதாவது தடவி, முடி போகும் திசையிலேயே சுத்தமான ரேசரால் எடுங்கள். உங்கள் ரேசரை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

த்ரெட்டிங்கை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். நூல் முடியைப் பிடுங்கும்போது வேர்க்கால் புண்ணாகிறது, அதுதான் பொரி. நம் நிறத்துத் தோலில் எந்தப் புண் ஆறினாலும் கறுப்பு விட்டுப் போகும். அது மங்கப் பல மாதம் ஆகும். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் அல்லவா, சன்ஸ்கிரீன் போடாவிட்டால் மங்கவே மங்காது. முடி நீக்கும் கிரீம் பயன்படுத்துவதென்றால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, முகத்துக்கு என்று இருப்பதை மட்டும் போடுங்கள். தோல் ஆறும் வரை அதுவும் ப்ளீச்சும் வேண்டாம்.

மஞ்சள் பூசிக் குளிப்பது உங்கள் விருப்பம். தடித்த முடியின் வேர் வரை அது போகாது. குப்பைமேனி சிலருக்கு அரிப்பைக் கொடுக்கிறது. எறும்பு முட்டை எண்ணெய் என்று விற்பதை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். முடி உதிர்க்கும் பொடி என்று யாராவது கொடுத்து அதில் அரிதாரம் இருப்பதாகச் சொன்னால் தொடவே தொடாதீர்கள், அரிதாரம் என்பது ஆர்சனிக், விஷம்.

லேசருக்கு வருவோம். நல்ல முறைதான், ஆனால் உங்களுக்கு அது இரண்டாவது கட்டம். ஹார்மோன் அடங்காமல் செய்தால் கொஞ்ச நாளில் பக்கத்து வேர்க்கால்கள் தடித்து முளைக்கும், கட்டின பணம் போச்சு என்று அழ வேண்டிவரும். லேசர் முடியின் கறுப்பைத் தேடித்தான் சூடு வைக்கிறது. நம் தோலிலும் கறுப்பு இருப்பதால் கருவியும் அளவும் தப்பினால் தோல் வெந்துவிடும். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்.டி.-யாக் லேசர் பாதுகாப்பானது, சரியான அளவில் டயோடு லேசரும் வைக்கலாம். ஐ.பி.எல். என்ற ஒளிக்கருவி நம் நிறத்துக்கு ஆபத்து கூடியது. செய்வது தோல் டாக்டரா, என்ன கருவி, எத்தனை சிட்டிங் என்று கேளுங்கள். நாலு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு முதல் எட்டு சிட்டிங் ஆகும், அதற்கு மேலும் எப்போதாவது ஒன்று தேவைப்படும். ஒரே தடவையில் நிரந்தரமாகப் போக்குகிறோம் என்று பலகை வைத்திருந்தால் அந்தப் படியேற வேண்டாம். சிலருக்கு, குறிப்பாக நம் நாட்டுப் பெண்களுக்கு, முகத்தில் லேசர் வைத்த இடத்தைச் சுற்றி முடி கூடுவதும் உண்டு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். லேசருக்கு ஒரு மாதம் முன்பிருந்து பிடுங்கக் கூடாது, ஷேவ் செய்யலாம்.

குழந்தை பற்றிக் கேட்டீர்கள். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறுகிறார்கள். சிலருக்குத் தானாகவே தங்கும், சிலருக்கு முட்டை வெளியாவதற்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். இன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய கவலை, மாதக்கணக்கில் மாதவிலக்கு வராமல் இருந்தால் கருப்பையின் உள்வரிச் சவ்வு தடித்துக்கொண்டே போகும் என்பது. மூன்று மாதம் தாண்டி வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது நீங்களும் அம்மாவும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. என்னைக் கேட்டால், வருகிற மனிதரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்களுக்கு இது தேவையில்லாத செய்தி. இதனால் வகுப்புக்குப் போகப் பிடிக்காமல், தூக்கமும் கெட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

தனியாரிடம் செலவு செய்ய வசதி இல்லை என்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது, உங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் பெரியாஸ்பத்திரிதான். தோல் பிரிவு, மகளிர் பிரிவு எதில் வேண்டுமானாலும் ஓ.பி. சீட்டுப் போடலாம். கடைசி ஆறு மாதத்தில் மாதவிலக்கு வந்த தேதிகளை எழுதி, பூசுகிற கிரீம் ட்யூபையும் சாப்பிடுகிற மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். அந்த வாரம் மட்டும் முடியை எடுக்காமல் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள். எங்களுக்குப் பார்ப்பதற்கு முடி வேண்டுமே.