பாக்கெட் இளைக்கிறது, விலை அப்படியே: வழக்குப் போடலாமா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். வழக்கமாக வாங்கும் தேன்குழல் பாக்கெட் 90 ரூபாய்க்கு 200 கிராம் இருந்தது. இப்போது அதே கவர், அதே விலை. ஓரத்தில் 180 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டுத் தராசில் வைத்தால் கவரோடு 171 கிராம்தான். பேரன் வாங்கும் 5 ரூபாய் சிப்ஸிலும் காற்றுதான் அதிகம். தை மாதம் சின்ன மகள் கல்யாணச் சீருக்குப் பலகாரம் சொல்ல வேண்டும். அதிலும் ஏமாறாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: 200 கிராமை 180 ஆக்கியதற்காக மட்டும் வழக்குப் போட்டால் நிற்காது. பிஸ்கட் உள்ளிட்ட சில பொருட்களை இன்னின்ன எடையில்தான் பொட்டலம் போட வேண்டும் என்று ஒரு பட்டியல் முன்பு எடையளவுச் சட்ட விதிகளில் இருந்தது. 2022-ல் அதை நீக்கிவிட்டார்கள். அதோடு வந்தது அலகு விலை. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் என்ன விலை என்று அச்சிட வேண்டும். உங்கள் தேன்குழலுக்கு அது 45 காசிலிருந்து 50 காசாக மாறியிருக்க வேண்டும். சத்தமில்லாமல் 11 சதவீத விலையேற்றம்! எம்.ஆர்.பி. பக்கத்தில் அந்த வரி இல்லாவிட்டாலும், பழைய 45 காசே இருந்தாலும், பழைய எடையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி 180 ஆக்கியிருந்தாலும் விதிமீறல்தான்.

சிப்ஸ் பாக்கெட்டில் காற்று இருப்பது மட்டும் குற்றமாகாது, அச்சிட்ட நிகர எடை உள்ளே இருக்கிறதா என்பதைப் பாருங்கள். 10 கிராமும் அதற்குக் குறைவுமான பொட்டலங்களுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

உங்கள் கையில் உள்ள பலமான விஷயம் அந்த 171. நிகர எடையில் கவர் சேராது. கவர் 3 கிராம் என்றால் உள்ளே 168தான். 100 முதல் 200 கிராம் வரையான பாக்கெட்டில் 4.5 சதவீதம் வரை பிழையை விதி பொறுக்கும். 180-க்கு அது 8.1 கிராம். உங்களுக்குக் குறைவதோ 12. "காய்ந்து எடை குறைந்துவிட்டது" என்று கடைக்காரர் சொன்னால் ஏற்காதீர்கள். முறுக வெந்த தேன்குழலில் ஈரம் பெரிதாக மிச்சமில்லை. காற்றுப் பட்டால் நமுத்து எடை கூடத்தான் செய்யும்.

ஆனால் வீட்டுத் தராசு சாட்சி சொல்லாது. பிரித்த பாக்கெட்டும் உதவாது. ஒரே பேட்ச் எண்ணில் ஐந்தாறு பாக்கெட்டை பில்லோடு வாங்கி, பிரிக்காமல் வையுங்கள். சிவகங்கையில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. பலர் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆய்வாளர் கடையிலோ தயாரிக்கும் இடத்திலோ மாதிரி எடுத்து எடை போடுவார். தனித்தனிப் பாக்கெட்டில் பிழை அளவுக்குள் இருந்தாலும், மாதிரியின் சராசரி எடை அச்சிட்டதற்குக் கீழே போகக் கூடாது. எல்லாப் பாக்கெட்டிலும் ஐந்து கிராம் குறைத்துவிட்டு "பிழை" என்று தப்பிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடைக்காரரை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டுவிட்டு வராதீர்கள், பொட்டலம் போட்டவரையும் சேருங்கள். 2023-ல் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்தில் ஒரு பிஸ்கட் வழக்கு. உறையில் 16 பிஸ்கட், உள்ளே 15. எடைக்குத்தான் விற்கிறோம் என்றது நிறுவனம். 76 கிராம் என்று போட்டிருந்ததும் 74தான் இருந்தது. 4.5 கிராம் வரை பிழை அனுமதி உண்டு என்ற வாதத்தையும் ஆணையம் ஏற்கவில்லை, 1 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது. ஆனால் அந்த ஒரு தீர்ப்பை நம்பி, பிழை அளவுக்குள் வரும் குறைவுக்கு வழக்குப் போட வேண்டாம். உங்கள் 12 கிராமுக்கு அந்தச் சிக்கல் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்; பாதி விவகாரம் அங்கேயே முடிந்துவிடும்.

சீர் பலகாரம் வேறு கணக்கு. நீங்கள் சொல்லிச் செய்வது பொட்டலப் பொருள் ஆகாது, அதனால் எம்.ஆர்.பி., அலகு விலை எதுவும் காப்பாற்றாது. ஆர்டர் சீட்டுதான் ஒப்பந்தம். "தேன்குழல் 101, அதிரசம் 101" என்று எண்ணிக்கை மட்டும் எழுதினால் உள்ளங்கை அளவுக்குச் சுட்டுக் கொடுத்தாலும் கேட்க முடியாது. எண்ணிக்கையோடு மொத்த எடையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதிரியை முன்னதாகச் சுட்டுக் காட்டச் சொல்லி அதன் எடையையும் குறியுங்கள். மணக்கோலம், சீப்புச் சீடை போன்ற சின்னப் பலகாரங்களை எண்ணிக்கையில் பேசவே வேண்டாம், கிலோதான். எடுக்கும்போது கடைத் தராசில் இந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா பாருங்கள். அட்டைப்பெட்டியைத் தட்டில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிய பிறகே பலகாரத்தைப் போடச் சொல்லுங்கள். "இங்கே எல்லாரும் பெட்டியோடுதான் நிறுப்பார்கள்" என்பது பதிலாகாது. எடையைக் குறைக்கும் எந்த வழக்கமும் செல்லாது என்று 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் 12-ஆம் பிரிவிலேயே சொல்கிறது.