பேன்ட் பையில் சிக்கும் ரிவால்வர்: எந்தப் பிடி, எப்படி மாட்டுவது?

கேள்வி: டெக்சஸில் டாலஸ் நகரில் வசிக்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. தற்காப்புக்காக வாங்கிய ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வரை பேன்ட்டின் முன்பையில் வைத்துக்கொள்கிறேன். அதோடு வந்த ரப்பர் பிடி பைத்துணியைக் கவ்விக்கொள்கிறது. துப்பாக்கிக் கண்காட்சி ஒன்றில் மெல்லிய மரப்பிடி வாங்கி மாட்டினேன். இப்போது சுலபமாக வெளியே வருகிறது. ஆனால் சுட்டால் கட்டைவிரல் இடுக்கில் அடிக்கிறது, திருகும் அடிக்கடி தளர்கிறது. இதையே சரிசெய்யலாமா, வேறு வாங்க வேண்டுமா?

பதில்: அடிப்பதற்கும் தளர்வதற்கும் காரணம் வெவ்வேறு. உங்கள் 642 தோட்டா இல்லாமல் சுமார் 415 கிராம்தான். எடை குறையக் குறைய உதை கூடும். மெல்லிய மரத்தகடுகள் உலோகச் சட்டத்தின் பக்கங்களை மட்டும் மூடுகின்றன. விசைக்காப்பு வளையத்துக்குப் பின்னால் உள்ள பள்ளம் காலியாகவே இருக்கிறது. சுடும்போது துப்பாக்கி அந்த இடைவெளியில் உருண்டு, வளையம் நடுவிரல் முட்டியிலும் பின்பட்டை, அதாவது சட்டத்தின் பின்விளிம்பு, கட்டைவிரல் இடுக்கிலும் மோதுகிறது. மரத்தின் மேல் தவறில்லை, வடிவம்தான் தவறு.

'பூட் கிரிப்' என்று விற்கப்படும் வடிவத்தை வாங்குங்கள். அதன் அடி, உலோகச் சட்டத்தின் அடியோடு ஏறக்குறைய நின்றுவிடும். சுண்டுவிரல் கீழே தொங்கும், அது பழகிவிடும். பைக்குள் துருத்தி வெளியே தெரிவது பெரும்பாலும் பிடியின் அடிமுனைதான், அதனால் அரை அங்குலம் நீளம் கூடினாலும் பேன்ட்டின் மேல் அச்சாகத் தெரியும். விசைவளையத்தின் பின்பள்ளம் நிரம்பியிருக்க வேண்டும். உள்ளங்கைப் பக்கம் லேசான புடைப்பு இருந்தால் உதை பரவும். மேற்பரப்பு வழவழப்பான மரமாகவோ கெட்டி பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். விரல் பள்ளங்கள் வைத்த பிடி வேண்டாம். சுடுதளத்தில் நிதானமாகப் பிடிக்கையில் நன்றாக இருக்கும், பையிலிருந்து அவசரமாக எடுக்கும் கை அந்தப் பள்ளங்களில் போய் உட்காராது.

பிடி பின்பட்டையைத் திறந்துவிட வேண்டுமா, மூட வேண்டுமா என்பதை உங்கள் விரல்தான் சொல்லும். காலித் துப்பாக்கியைச் சரியாகப் பிடித்து, சுட்டுவிரலை விசையில் வையுங்கள். விரலின் முதல் மடிப்புவரை எட்டினால் மூடிய பின்பட்டை தாங்கும். நுனி மட்டும் எட்டினால் திறந்ததுதான். 642-இன் விசையை இழுக்க சுமார் ஐந்து கிலோ பலம் வேண்டும், நுனிவிரலால் இழுத்தால் குழாய் ஒரு பக்கம் திரும்பிவிடும்.

இனி உங்கள் திருகுக்கு வருகிறேன். 642 'ஜே ஃபிரேம்' எனப்படும் ஸ்மித் அண்ட் வெஸனின் சிறிய சட்ட ரிவால்வர் வகை. 'எல்லா ஜே ஃபிரேமுக்கும் பொருந்தும்' என்று விற்பவர் பேச்சை நம்பாதீர்கள். பழைய ஜே ஃபிரேம்களில் அடி சதுரமானவையும் உண்டு, உருண்டையானவையும் உண்டு. அவற்றில் ஒன்றான மாடல் 36 இரண்டு விதமாகவும் வந்தது. உங்களுடையது உருண்டை அடி. சதுரமான அடிக்குச் செய்த பிடியின் உட்குழிவும் அடிவளைவும் இதற்கு ஒத்துவராது. கண்காட்சி மேசையில் சிலர் அதை உள்ளே குடைந்து, துளையை அகலமாக்கி, உட்காரவைத்து விற்றுவிடுகிறார்கள். உருண்டை அடியின் மேல் மாட்டிச் சதுரமாகக் காட்டும் மாற்றுப்பிடிகளும் இருக்கின்றன. அவை ஒழுங்காகச் செய்தவைதான், சுடுதளத்துக்கு நல்லவைதான், பைக்கு மட்டும் ஆகாது. கழற்றிப் பார்த்தால் எது உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சட்டத்தின் அடியில் குறுக்காக ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். பிடியின் உட்பக்கத் துளைகள் அந்த ஊசியை ஆடாமல் கவ்வ வேண்டும். உதையின் பாரத்தைச் சட்டத்தின் விளிம்பும் ஊசியும் தாங்க வேண்டும். திருகின் வேலை இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பது மட்டுமே. ஊசித்துளை முட்டை வடிவமாகியிருந்தால் பாரம் முழுக்கத் திருகின் மேல் விழுகிறது, அதனால்தான் தளர்கிறது. அந்தப் பிடியைத் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள், இல்லையென்றால் எடுத்துவையுங்கள்.

இதற்கு வாங்குபவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அடி உருண்டையா, பின்பட்டை மூடியதா, அடிநீளம் எவ்வளவு என்ற மூன்று விவரத்தை அட்டையில் அச்சிடக்கூடப் பல விற்பனையாளர்களுக்கு மனமில்லை. பிரித்தால் திரும்ப எடுக்கமாட்டோம் என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடுகிறார்கள். வாங்குமுன் அந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 'மான்கொம்பு' என்று நீட்டப்படுவது பெரும்பாலும் பிசினில் வார்த்தது. 'பழைய யானைத் தந்தம்' என்றால் தொடவே வேண்டாம். ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்தை 2016-இல் கூட்டரசு ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிட்டது, தாள் இல்லாத தந்தம் உங்கள் தலைவலியாக மாறும். கொக்கி வைத்த பிடியைக் காட்டி உறையே வேண்டாம் என்பார்கள், அதையும் வாங்காதீர்கள். விசையை முழுதும் மூடும் பை உறை இல்லாமல் எந்தப் பிடியும் பாதுகாப்பில்லை. அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா எதுவும் இருக்கக் கூடாது.

மாட்டும் முறை: சிலிண்டரைத் திறந்து, தோட்டாக்களை வெளியே தள்ளும் கம்பியை அழுத்தி, ஐந்து தோட்டாவையும் எண்ணி எடுத்து வேறு அறையில் வையுங்கள். சிலிண்டரின் ஐந்து துளையையும் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பாருங்கள். திருகின் வெட்டை முழுதும் நிரப்பும் தட்டை முனைத் திருப்புளி வேண்டும். ஆப்பு போல் சரிந்த சாதாரண முனை நழுவி மரத்தைக் கீறும். திருகை முழுதும் கழற்றாமல் சில சுற்று தளர்த்தி, அதன் தலையில் திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் எதிர்த்தகடு தானாக விடுபடும். இடுக்கில் முனையைக் கொடுத்து நெம்பாதீர்கள், ஓரம் சில்லாகப் பெயரும். புதிய தகடுகளைக் கையால் அழுத்தியே விளிம்போடு உட்காரவைக்க வேண்டும். இடைவெளி இருக்கும்போது திருகை இறுக்கி மூடப் பார்த்தால் மரம் நரம்போட்டத்தில் விரியும். திருகு நின்றதும் நிறுத்துங்கள். தலையோரம் ஒரு சொட்டு நிறமற்ற நகப்பூச்சு போதும், திருகுப் பசை சில பிளாஸ்டிக்குகளை வெடிக்கவைக்கும். மரத்தில் பதித்த பித்தளை மறை சுழன்றால் அதன் வெளிச்சுற்றில் மட்டும் எபாக்ஸி தடவி ஒரு நாள் விடுங்கள்.

இப்போது சிலிண்டரைத் திறந்து சுட்டு முடிந்த காலித் தோட்டாக் கூடுகளைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். இடது பக்கத் தகட்டின் மேல்முனையில் அவை இடித்தால் அந்த முனையைத் தேய்க்க வேண்டும். மாட்டிய நிலையிலேயே தேய்க்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, கழற்றிய பிறகே உப்புத்தாளை எடுங்கள். துப்பாக்கியில் வைத்துத் தேய்த்தால் பொடி இயங்குபாகத்துக்குள் போகும், அலுமினியத்தின் மேற்பூச்சும் போய்விடும். 220 எண், பிறகு 320, கடைசியில் 400, எல்லாம் நரம்போட்டத்திலேயே. பை ஓரத்தில் உரசும் அடிமுனைகளையும் இதே போக்கில் உருட்டிவிடலாம். ஊசித்துளை, திருகுத்துளைப் பக்கம் போகாதீர்கள். மேலே ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு தடவுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள். பழைய ரப்பர் பிடியை மட்டும் தேய்க்க வேண்டாம், அது வழவழப்பாகாது, பிசிறுதான் அடிக்கும்.

பிறகு பைச் சோதனை. காலித் துப்பாக்கியை உறையோடு பையில் போட்டு, பிடியை முழுதாகப் பற்றி வெளியே இழுங்கள். முட்டிகள் பைவாயில் மாட்டினால் எந்தப் பிடியாலும் பயனில்லை, பேன்ட்டைத்தான் மாற்ற வேண்டும். 642-இல் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் கட்டைவிரலை அதன் முதுகின் மேல் படுக்கவைத்து எடுக்கலாம். கை ஒடுங்கும், சிக்காது. வெளியே வந்ததும் கட்டைவிரலைக் கீழே இறக்குங்கள். உறை பையிலேயே தங்க வேண்டும், கூடவே வந்தால் உறையை மாற்றுங்கள். இந்த மூன்றையும் உட்கார்ந்த நிலையிலும் பாருங்கள். காரில் உட்காரும்போது பைவாய் மடங்கிவிடும்.

பிடித்துப் பார்க்கச் சொல்லி எச்1பி விசாவில் இருக்கும் நண்பர் கையில் கொடுக்காதீர்கள். குடியேறா விசாவில் இருப்பவரிடம் துப்பாக்கி இருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு.

சுடுதளத்தில் +பி எனப்படும் கூடுதல் அழுத்தத் தோட்டாவோடு தொடங்க வேண்டாம். இலக்குப் பயிற்சிக்கான, உதை குறைந்த 148 கிரெய்ன் வாட்கட்டர் தோட்டா ஐம்பது சுட்டு, திருகையும் கட்டைவிரல் இடுக்கையும் பாருங்கள். திருகு அசையாமல், தோல் சிவக்காமல் இருந்தால் அடுத்த முறை பையில் வைக்கும் தோட்டாவையே இரண்டு சிலிண்டர் சுட்டுப் பாருங்கள்.