மேப்பிள் மரத்துக்குக் களிம்பு வாங்காதீர்கள்

மேப்பிள் மரத்தில் துளை போட்டு, சாறு பிடித்து, பாணி காய்ச்சும் பருவம் தொடங்கிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டு வளவில் நிற்கும் மேப்பிளைப் பற்றியவை.

மரத்தில் செருகும் குழாய் 7/16 அங்குலம், 5/16 அங்குலம் என்று இரண்டு அளவில் கிடைக்கிறது. பெரியது மலிவு. சாறும் கூடுதலாக வரும்தானே? – மார்க்கம் வாசகி

5/16 வாங்குங்கள். சாறு கொஞ்சம் குறையலாம், ஆனால் மரத்தில் போடும் துளையின் வாய் ஏறக்குறையப் பாதியாகிவிடும். திடமான மரம் அந்தச் சின்னத் துளையை ஒன்றிரண்டு வருடத்தில் மூடிவிடும். கூடவே அதே அளவில் ஒரு புது ட்ரில் பிட்டும் வாங்குங்கள். மொட்டை பிட் மரத்தைப் பிய்க்கும், பிய்ந்த துளை ஒழுகும், சீக்கிரம் காய்ந்தும் போகும். பிட்டின் நுனியிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் ஒரு ரேப் துண்டைச் சுற்றிவிட்டு, அதற்கு மேல் உள்ளே விடாதீர்கள். துளைக்கும்போது வெளியே வரும் தூளைக் கையில் ஏந்திப் பாருங்கள். வெள்ளையாக, ஈரமாக இருந்தால் நல்ல மரம். பழுப்பாக வந்தால் அங்கே செத்த மரம்தான் இருக்கிறது, சாறு வராது.

போன வருடத் துளையையே கொஞ்சம் பெரிதாக்கிப் பாவிக்கலாமா?

கூடாது. அந்தத் துளையைச் சுற்றியுள்ள மரம் இனி எந்தக் காலத்திலும் சாறு தராது.

கதவைத் தட்டி வந்த ஒருவர் என் மேப்பிளில் இருந்த மூன்று பழைய துளைகளைப் பார்த்து, "மரம் அழுகத் தொடங்கிவிட்டது" என்றார். களிம்பு பூசி, மரக்கட்டையால் அடைத்து, 240 டொலர் வாங்கிப் போனார். மரம் பிழைக்குமா? – ஓய்வு பெற்றவர், ஏஜெக்ஸ்

ஐயா, மரம் பிழைக்கும். உங்கள் பணத்துக்கும் வழி இருக்கிறது. வீட்டு வாசலில் வைத்துச் செய்த, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்த 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்ய ஒன்ராறியோச் சட்டம் இடம் தருகிறது. பிரதியில் இருக்க வேண்டிய விபரங்கள் இல்லாவிட்டால் ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. பதிவுத் தபாலில் எழுதுங்கள், நகலை வைத்திருங்கள். வயதானவர்களின் பயத்தை விற்றுக் காசாக்கும் இந்த ஆட்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அவர் சொன்னது ஏன் பொய் என்பதையும் சொல்கிறேன். நமக்குத் தோல் கிழிந்தால் அதே இடத்தில் புதுச் சதை வளரும். மரத்தால் அது முடியாது. துளை விழுந்ததும் சுற்றியுள்ள உயிருள்ள கலங்கள் சாறு ஓடும் நாளங்களை அடைத்து, காயம்பட்ட பகுதியை மற்றதிலிருந்து பிரித்துவிடுகின்றன. இந்த அடைப்பு துளைக்கு மேலும் கீழும் ஒடுங்கிய நீண்ட கீற்றாக ஓடும். அதன் பிறகு வெளிப்புறத்தில் வருடா வருடம் வளரும் புது மரம் துளையின் வாயை மூடுகிறது. மேப்பிள் விறகைப் பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளியே பட்டை வழுவழுவென்று இருக்கும், உள்ளே பல வருடத்துக்கு முன் போட்ட துளை அப்படியே வட்டமாக, மேலும் கீழும் பழுப்புக் கோடு ஓட இருக்கும். அமெரிக்க வனத்துறையில் வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதைத்தான் காட்டினார். காயத்துக்குப் பூசும் மருந்து அழுகலைத் தடுப்பதில்லை என்றும் அவர் ஓயாமல் சொன்னார். களிம்பும் கட்டையும் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், அது பூஞ்சைக்குத்தான் வசதி. இவ்வளவு தெரிந்த பிறகும் கடைத் தட்டுகளில் "மரக் காய மருந்து" டப்பாக்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்காதீர்கள். பருவம் முடிந்து மொட்டு வீங்கத் தொடங்கியதும் குழாயைக் கழற்றுங்கள், துளையைத் திறந்தபடி விடுங்கள். அடுத்த வருடத் துளையைப் பக்கவாட்டில் ஒரு சாணாவது தள்ளி, உயரத்தையும் மாற்றிப் போடுங்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

பழம்பொருள் சந்தையில் தகர வாளிகள் அழகாக இருக்கின்றன. சாறு பிடிக்க வாங்கலாமா?

பூச்செடி வைக்க வாங்கலாம். நானும் இரண்டு வாங்கினேன், "பாட்டன் காலத்து நல்ல தகரம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். பொருத்து வாயில் சாம்பல் நிறப் பற்றாசு தடிப்பாக இருந்தது. ஈயம் பார்க்கும் குச்சியால் தேய்த்தேன், சிவந்துவிட்டது. சுமார் 40 லீற்றர் சாறு வற்றித்தான் 1 லீற்றர் பாணி ஆகிறது. சாற்றில் இறங்கும் ஈயமும் அதோடு சேர்ந்து செறியும். பிள்ளைகள் சாப்பிடுவது. உணவுக்குரிய பிளாஸ்டிக் வாளியோ துருப்பிடிக்காத உருக்கு வாளியோ எடுங்கள்.

பத்துக் குழாய் கொண்ட பெட்டி வாங்கி, 70 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தில் நான்கைப் போட்டேன். சாறு சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. கடை பணம் தர மறுக்கிறது. ஊரில் பனையை வருடா வருடம் சீவுகிறோமே, இதற்கு மட்டும் என்ன? – ஸ்காபரோ

கடை மறுத்தது சரி. பெட்டியில் பத்து இருந்தால் பத்தையும் ஒரே மரத்தில் அடிக்க வேண்டுமா? வாங்க முதல் ஒரு அளவு நாடாவை எடுத்து நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பார்த்திருக்கலாம். சுற்றளவு 80 செ.மீ. இல்லாத மரத்தில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. இரண்டாவது துளைக்கு 140 செ.மீ.யாவது வேண்டும். பனையில் நாம் சீவுவது பாளையை, அது திரும்பத் திரும்ப வரும். இங்கே துளைப்பது தண்டை. மெல்லிய மரம் வருடத்துக்குக் கொஞ்சமாகத்தான் பருக்கும், நீங்கள் ஒரே நாளில் நான்கு கீற்று மரத்தைச் சாகடித்துவிட்டீர்கள். நான்கையும் இன்றே கழற்றுங்கள். மரம் 80 தாண்டும்வரை தொடாதீர்கள். கோடை வறட்சியில் தண்ணீர் விடுங்கள், வாசலில் போடும் உப்பு வேர்ப்பக்கம் போகாமல் பாருங்கள்.

பழைய சாமான் பெட்டியில் துளைக்குள் போடும் மாத்திரைகள் கிடைத்தன. சாறு கூடுதலாக வருமாம்.

அது பாராஃபோர்மல்டிஹைட் என்ற கிருமிகொல்லி. துளை மூடாமல் சாறு ஓடும், மரம் உள்ளே அழுகும். கனடாவிலும் அமெரிக்காவிலும் தடை. அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

திரும்பிப் போகும் சாற்றைத் தடுக்கும் வால்வு வைத்த குழாய் நல்லதா? என்னிடம் மூன்று மரம், மூன்று வாளி.

நல்ல சாமான்தான், வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் உருவானது. மரம் விட்டு மரம் பிளாஸ்டிக் குழாய் இழுத்தவர்களுக்கு உதவும், கிருமி கலந்த சாறு துளைக்குள் திரும்ப ஏறாது. வாளியில் சொட்டுகிற சாறு திரும்பி ஏறுவதே இல்லை. உங்களுக்கு வேண்டாம்.

என் வீட்டுக்கு முன்னால், நடைபாதை ஓரம் பெரிய மேப்பிள் நிற்கிறது. ஒரு குழாய் போதும். – ரொறன்ரோ

அது நகரசபை மரம். துளைக்காதீர்கள்.